கூடையிலே நம் கூலி!

பங்கு மார்க்கெட் என்றதும் பாட்டாளி பக்கத்தைப் புரட்டிவிடுகிறான். அது பணம் படைத்தோர் பந்தயம் கட்டும் களம். பாய் விரிக்க இடமில்லாதவனுக்குப் பங்குப் பத்திரம் எதற்கு என்று எண்ணுகிறான். எண்ணம் இயற்கையே! ஆனால், தோழர்களே, புரட்டிவிட்டுப் போகிறோமே, அந்தப் பக்கத்திலே நம்முடைய பணமும் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பி.எப். என்று ஒரு வரி இருக்கும். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 100க்கு 12 என்று பிடித்திருப்பார்கள். முதலாளியும் தம் பங்கைக் கட்டுகிறார். முதுமைக்கு என்று, மகள் திருமணத்துக்கு என்று, மழைக்கு ஒழுகும் கூரையை மாற்றுவதற்கு என்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கப்படும் பணம் அது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலில் சேர்ந்து வந்த பணம். அந்தப் பணத்திலே ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் பங்குச் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது! போகும் வாகனத்தின் பெயர் இ.டி.எப்.

கூறு கட்டி விற்கும் கடை

அது என்ன இ.டி.எப்.? அகராதி தேட வேண்டாம். காய்கறிச் சந்தைக்குப் போனால் போதும். அங்கே கூறு கட்டி வைத்திருப்பார்கள். கத்தரிக்காய் நான்கு, தக்காளி இரண்டு, முருங்கைக்காய் ஒன்று, வெண்டைக்காய் கொஞ்சம். ஒவ்வொன்றையும் தனித்தனியே பொறுக்கிப் பேரம் பேசி நிற்க வேண்டியதில்லை. ஒரு கூறு, ஒரு விலை.

இ.டி.எப். என்பதும் அப்படித்தான். பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி ஒரு பெருங்கூடையிலே போடுகிறார்கள். எந்தக் கம்பெனி, எந்த அளவு என்பதை ஒரு பட்டியல் முன்கூட்டியே சொல்லிவிடும். நிப்டி என்றால் 50 கம்பெனி. சென்செக்ஸ் என்றால் 30. பெரிய கம்பெனிக்குக் கூடையிலே பெரிய இடம். சிறிய கம்பெனிக்குச் சிறிய இடம். அந்தக் கூடையைச் சிறு சிறு யூனிட்டாகக் கூறு போட்டு, ஒரு கம்பெனிப் பங்கைப் போலவே சந்தை திறந்திருக்கும் நேரமெல்லாம் விற்கலாம், வாங்கலாம். பட்டியலைப் பார்த்து வாங்குவதால் நிர்வாகச் செலவு குறைவு. ஒரு கம்பெனி கவிழ்ந்தாலும் கூடை முழுவதும் கவிழாது. இவை இதன் நன்மைகள். மறைக்க மாட்டோம்.

1990ஆம் ஆண்டு கனடாவிலே தோன்றியது இந்த முறை. 1993இல் அமெரிக்காவிலே அடியெடுத்து வைத்தது. அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. வந்த இடத்திலே இதற்கு வாய்த்த பெரிய வாடிக்கையாளர் யார்? சீமானா? சிறு வணிகரா? அரசாங்கம்! பொதுப் பணம் பாய்ந்தது, பயிர் தழைத்தது. மூன்று இடங்களைப் பார்ப்போம்.

ஹாங்காங் காட்டிய வழி

1997ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹாங்காங் சந்தையின் ஹாங் செங் குறியீடு 16,600ஐத் தாண்டி நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் அது 6,660! ஆசியாவைச் சூழ்ந்த நெருக்கடியிலே, வெளிநாட்டுச் சூதாடிகள் இருமுனைத் தாக்குதல் நடத்தினர். ஒரு கையால் ஹாங்காங் டாலரை விற்றுத் தள்ளுவது. அதனால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் பங்கு விலை விழும். விலை விழும் என்று மறு கையால் முன்பே பந்தயம் கட்டி வைத்து, விழுந்ததும் லாபத்தை அள்ளுவது. ஊர் எரிந்தால் இவர்களுக்குக் குளிர் காய்ச்சல் தீரும்!

ஹாங்காங் அரசு கைகட்டி நிற்கவில்லை. ஆகஸ்டு 14 முதல் 28 வரை சந்தையிலே இறங்கி, 11,800 கோடி ஹாங்காங் டாலருக்குப் பங்குகளை வாங்கிக் குவித்தது. சந்தையிலே அரசு தலையிடுவதா என்று சுதந்திர வணிக வேதம் ஓதியவர்கள் சீறினர். ஆனால் சூதாடிகள் பின்வாங்கினர்; சந்தை நிமிர்ந்தது.

வாங்கியாயிற்று, விற்பது எப்படி? ஒரே நாளில் கொட்டினால் விலை மறுபடியும் சரியும். அப்போதுதான் இ.டி.எப். கை கொடுத்தது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் டிராக்கர் பண்டு என்ற கூடையைச் செய்து, பங்குகளை அதிலே போட்டு, யூனிட்டுகளாகப் பொதுமக்களுக்கு விற்றார்கள். சாமானியருக்கு விலையிலே தள்ளுபடி. விற்காமல் வைத்திருந்தால் இலவச யூனிட். முதல் விற்பனை மட்டும் 3,330 கோடி ஹாங்காங் டாலர். 2002ஆம் ஆண்டு அக்டோபருக்குள் சுமார் 14,000 கோடி டாலர் பெறுமான பங்குகள் மக்களிடமும் சந்தையிடமும் திரும்பிச் சேர்ந்தன. எதற்காக உள்ளே போனோம், எப்படி வெளியே வந்தோம் என்பதற்குக் கணக்கு இருந்தது. அதுதான் அழகு!

ஜப்பான் சிக்கிய சிக்கல்

அடுத்து ஜப்பான். பொருள் விலை ஏறாமல், தொழில் துளிர்க்காமல் துவண்டு கிடந்த நாட்டை எழுப்ப, அதன் மத்திய வங்கியே 2010ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இ.டி.எப். வாங்கத் தொடங்கியது. பணத்தாள் அச்சிடும் வங்கி பங்குச் சந்தையின் வாடிக்கையாளரான விந்தை அது! 2016இல் ஆண்டுக்கு 6 லட்சம் கோடி யென் என்று வேகம் கூடியது. 2020இல் 12 லட்சம் கோடி வரை வாங்கலாம் என்று வரம்பு உயர்ந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சிலே, போதும் என்று புது வாங்கலை நிறுத்தியபோது, கையிருப்பு வாங்கிய விலைக் கணக்கிலேயே சுமார் 37 லட்சம் கோடி யென்.

சந்தை ஏறியதால் வங்கிக்கு லாபம் உண்டு. இல்லை என்று சொல்லோம். ஆனால் வெளியேறும் வழி? 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கி முடிவு செய்தது: ஆண்டுக்குச் சுமார் 33,000 கோடி யென், வாங்கிய விலைக் கணக்கிலே விற்போம் என்று. வகுத்துப் பாருங்கள் தோழர்களே! நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்! இன்று பிறந்த குழந்தையின் பேரன் காலத்திலும் விற்பனை முடிந்திராது.

இன்னொன்றும் கவனியுங்கள். இத்தனை பங்கு வைத்திருந்தும், கம்பெனிக் கூட்டங்களிலே வாக்களிப்பது மத்திய வங்கி அல்ல. கூடையை நடத்தும் நிதி நிறுவனங்களே வாக்களிக்கின்றன. பணம் பொதுமக்களுடையது, வாக்கு வேறொருவருடையது.

நம் வீட்டுக் கதை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2015-16இல், புதிதாகச் சேரும் பி.எப். முதலீட்டிலே 100க்கு 5 என்று தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு 10. அதற்கடுத்த ஆண்டு 15. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் எதிர்த்தனர். எதிர்ப்பு ஏட்டிலே பதிந்தது. பணம் சந்தைக்கு நடந்தது. 2022-23ஆம் ஆண்டில் மட்டும் 50,000 கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. பொதுத்துறைக் கம்பெனிகளின் பங்குகளை விற்க மத்திய அரசும் இதே கூடையைப் பின்னியது. 2014ஆம் ஆண்டு மார்ச்சில் 10 பொதுத்துறைக் கம்பெனிகளைக் கொண்டு ஒரு கூடை. 2017ஆம் ஆண்டு நவம்பரில் பாரத் 22 என்று மற்றொன்று. இவ்விரு கூடையிலும் பி.எப். பணம் போடப்பட்டது. விற்பவர் அரசாங்கம், வாங்குவதோ தொழிலாளியின் சேமிப்பு! நாட்டுச் சொத்து என்று எது நமக்கு ஏற்கெனவே சொந்தமோ, அதையே நம் கூலியைக் கொடுத்து மீண்டும் வாங்குகிறோம்.

நெய்வேலியை மறப்போமா? 2013ஆம் ஆண்டு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பங்கு தனியாருக்குப் போகக்கூடாது என்று தமிழகமே குரல் கொடுத்தது. கடைசியில் தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்கள், சுமார் 360 கோடி ரூபாய் கொடுத்து, 3.56 சதவீதப் பங்கை வாங்கின. வாசல் வழியே வந்த விற்பனை அன்று தடுக்கப்பட்டது. ஐந்தே ஆண்டில், 2018இல், அந்தப் பொதுத்துறைக் கூடையைப் புதுப்பித்தபோது நெய்வேலியும் அதிலே சேர்க்கப்பட்டது. இந்த முறை சங்கு ஊதவில்லை, ஊர்வலம் போகவில்லை. கூடைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாதன்றோ!

விலை ஏறினால் நன்மைதானே என்பர்

விலை ஏறினால் தொழிலாளிக்கும் நன்மைதானே, ஏன் குறை கூறுகிறீர்கள் என்று கேட்பர். நியாயமான கேள்வி. ஏறினால் நன்மைதான். கடன் பத்திர வட்டி தேயும் காலத்திலே, பங்கின் வளர்ச்சியிலே தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்ற வாதத்தை நாம் ஒதுக்கவில்லை. ஆனால் இறங்கினால்? 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா வந்து சந்தை சரிந்தது. 2019-20க்கு அறிவித்த வட்டி 8.5 சதவீதம். கடன் பத்திர வருமானத்திலிருந்து 8.15 தருகிறோம், மீதி 0.35 இ.டி.எப். விற்ற பிறகு என்றார்கள். பிறகு சந்தை நிமிர்ந்தது. வட்டி முழுவதும் வந்தது. வந்தது மகிழ்ச்சியே. ஆனால் ஆலை மூடி அரிசிக்கு அலைந்த நாளிலே, நம் வட்டி பம்பாய்ச் சந்தையின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது என்பதும் உண்மை.

அதனினும் பெரிது வாக்கு. கூடையிலுள்ள ஒரு கம்பெனி ஆட்குறைப்புச் செய்யலாம். நிரந்தர வேலையை ஒப்பந்த வேலை ஆக்கலாம். நிர்வாகியின் சம்பளத்தைக் கோடிகளில் ஏற்றலாம். அந்தக் கம்பெனியின் பங்கிலே வெளியே தள்ளப்பட்ட தொழிலாளியின் பி.எப். பணமும் இருக்கக்கூடும். பங்குதாரர் கூட்டத்திலே அந்தப் பங்கின் சார்பில் கை தூக்குவது யார்? நிதி நிறுவனம். நம்மைக் கேட்டா? இல்லை!

நாம் கேட்பது என்ன?

சந்தையைக் கொளுத்தச் சொல்லவில்லை. கணக்கைக் காட்டச் சொல்கிறோம். ஒன்று: நம் கணக்கிலுள்ள பணத்தில் எவ்வளவு எந்தக் கூடைக்குப் போனது, வாங்கிய விலை என்ன, இன்றைய விலை என்ன என்று ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். இரண்டு: நம் பணத்தை வைத்து நிதி நிறுவனங்கள் எந்தக் கம்பெனியில் எப்படி வாக்களித்தன என்பதைத் திரட்டி வெளியிட வேண்டும். நடக்கக்கூடியதா என்பீர்களேல், நார்வே நாட்டு அரசு நிதி 2021 முதல், கூட்டம் நடப்பதற்கு ஐந்து நாள் முன்பே தன் வாக்கை உலகறிய வெளியிடுகிறது. மூன்று: தொழிலாளரின் வேலையைக் காக்கும் வாக்குக் கொள்கையை ஏற்கும் நிதி நிறுவனத்துக்கே நம் பணம் என்று நிபந்தனை போட வேண்டும். ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி கொண்டுவரும் வாடிக்கையாளர் நிபந்தனை போட்டால், கடைக்காரர் கதவைச் சாத்திவிடுவாரா?

பி.எப். மத்திய அறங்காவலர் குழுவிலே தொழிலாளர் சார்பில் 10 பேருக்கு இடம் உண்டு. சங்கக் கூட்டங்களிலே தீர்மானம் போட்டு அந்தப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். வாயிற் கூட்டத்திலே சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். பங்கு மார்க்கெட் பக்கத்தைப் புரட்டாமல், ஒரு முறையாவது நின்று படியுங்கள். படித்ததைப் பக்கத்துத் தோழனுக்குச் சொல்லுங்கள்.

கூலி நம்முடையது. கூடையில் இருப்பதும் நம்முடையது. குரல் மட்டும் ஏன் கடன் கொடுத்தவன் குரலாய் வெளியே நிற்க வேண்டும்? உள்ளே வரட்டும், ஓங்கி ஒலிக்கட்டும்!