செவியின் சரித்திரம் – 11: அடைத்த காதில் எழுந்த நாதம்

உட்செவியின் நத்தைச் சுருளையும், அதனுள்ளே ஸ்தாயிவாரியாக வரிசை பிடித்து ஒலியை நரம்புக்கு உணர்த்தும் மயிரணுக்களையும் போன வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்வார்களாக. காது மந்தமானவர்களுக்குச் சந்தடியில் பேச்சு ஏன் விளங்குவதில்லை என்பதை இன்று சொல்வதாக வாக்களித்திருந்தேன். எழுத உட்கார்ந்த வேளையில் ஒரு பரிசோதனையின் விவரம் கண்ணில் பட்டுவிட்டது. மனம் அதைவிட்டு நகர மறுக்கிறது.

ரோலண்ட் ஷெட்டே என்பவரும் அவருடைய சகாக்களும் 2012-ல் இங்கிலாந்திலிருந்து வெளியிட்ட பரிசோதனை அது. செவிப்புலனில் யாதொரு குறையுமில்லாத 18 பேரை அழைத்து, ஒரு காதில் மட்டும் அடைப்பானைச் செருகி, ஒரு வார காலம் அப்படியே நடமாடவிட்டு, இல்லாத சப்தம் ஏதேனும் கேட்டால் குறித்துவைக்கும்படி சொன்னார்கள். 14 பேருக்குக் கேட்டது! அதுவும் பெரும்பாலும் கீச்சென்ற மேல்ஸ்தாயி நாதம். அடைப்பான் எந்த ஸ்தாயியை அதிகமாகத் தடுத்ததோ, அந்தப் பிரதேசத்திலேயே பொய்ச் சப்தம் முளைத்திருந்தது. அடைப்பானை எடுத்ததும் அது அத்தனை பேருக்கும் மறைந்துபோயிற்று. காதினுள்ளே ஓர் அணுவுக்கும் ஊறு நேராதிருக்க, வாசற்கதவைச் சாத்தியது மட்டுமே நடந்த காரியமாயிருக்க, அந்த நாதத்தைக் காதின் கணக்கில் எழுதுவது எப்படி? அது மூளையின் கைவரிசை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

செவி நரம்பின் இழைகள் பூரண நிசப்தத்திலும் சும்மா இருப்பதில்லை. வெளித் தூண்டுதல் இன்றியே துடித்துக்கொண்டிருப்பது அவற்றின் சுபாவம். வரும் ஒலி குறைந்ததும், மூளையின் கேள்விப் பாதையிலுள்ள அணுக்கள் வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக்கொள்ளத் தலைப்படுகின்றன என்பது ஷெட்டே முதலியோரின் கொள்கை. திருவிழாக் கச்சேரியில் பாகவதரின் குரல் கம்மிப்போக, மைக் செட்டுக்காரர் விசையைத் திருகத் திருக, பெட்டிக்குள் கிடந்த இரைச்சலும் சேர்ந்தல்லவா பந்தலை நிறைக்கிறது! இந்தப் பெருக்கத்துக்கு 2003-ல் கிரெய்க் ஃபார்ம்பி குழுவினர் அமெரிக்காவில் செய்த சோதனையும் சாட்சி சொல்கிறது: இரண்டு வாரம் காதை அடைத்திருந்தவர்களுக்குச் சாதாரண ஒலியும் பலமாகப்பட்டது, அதே காலம் மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ நேர்மாறு.

காது மந்தமான எல்லோருக்கும் இந்தப் பொய் இரைச்சல் கேட்பதில்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. பெருக்கம் மட்டுமே முழுக் காரணமாக இருக்க முடியாது என்றே எனக்கும் தோன்றுகிறது. மயிரணுக்களை இழந்தவருக்கு, எடுத்தெறிய அடைப்பானும் கிடையாது.

அப்படி இரைச்சலிலிருந்து மீள வழியற்றுப் போனவர்களில் ஒருவர் போஹிமிய தேசத்து ஸங்கீத கர்த்தாவான ஸ்மெத்தனா. 1874-ல் அவர் செவி முற்றிலும் போயிற்று; இரைச்சல் மட்டும் போகவில்லை. 1876-ல் நான்கு தந்தி வாத்தியங்களுக்காக அவர் இயற்றிய ‘என் வாழ்க்கையிலிருந்து’ என்னும் உருப்படியின் இறுதிப் பகுதியில், குதூகலமாக ஓடிக்கொண்டிருக்கும் நடனம் சட்டென்று அறுந்து, முதல் வயலின் ஒற்றை உச்ச ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தம் காதில் ஒலித்த அந்தப் பாழும் சப்தத்தையே அங்கே வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். தமக்கு மட்டுமே கேட்டதைச் சபைக்கும் கேட்கச் செய்துவிட்ட மனிதர்!

சந்தடியில் பேச்சு விளங்காத கதைக்கு இடமில்லாமல் போயிற்று. அதற்கு ஒரு துப்பை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 2009-ல் பாஸ்டன் நகரத்தில் ஷேரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளுக்கு 2 மணி நேரம் பேரிரைச்சலைக் கேட்கவைத்தார்கள். சில நாளில் அவை கேள்விச் சோதனையில் பழையபடி தேறிவிட்டன, மயிரணுக்களும் குறையவில்லை, ஆனால் மயிரணுவும் நரம்பும் கைகோக்கும் சந்திகளில் கணிசமான பகுதி அழிந்திருந்தது. அந்த எலிகளோடு அடுத்த வாரம்.