பொன் தேடும் கருவியும் நம்மூர்க் கருமணலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பர் பெரியோர். ஒலிப்பதெல்லாம் பொன்னல்ல என்பது சென்ற ஆண்டு மாசி மாதம் நான் கற்ற பாடம்.

மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடைக்குச் சென்றிருந்தோம். கடலில் கால் நனைத்து நின்றபோது திருகாணி கழன்று, என் தாயாரின் ஒரு காதுக் கம்மல் மணலில் விழுந்துவிட்டது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பேருந்துச் செலவுக்குமாக அடகுக்குப் போய், அதற்கு முந்திய மாதந்தான் மீண்டு வந்த கம்மல் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, அந்த இழப்பில் எனக்கும் பங்கு உண்டு.

மறுநாள், வளைகுடா நாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரின் உலோகம் காணும் கருவியை இரவல் வாங்கிச் சென்றோம். அது ஆணிக்கு ஒலித்தது. சோடா மூடிக்கு ஒலித்தது. ஒன்றுமில்லாத ஈர மணலிலும் ஓயாமல் ஒலித்தது. “மக்ளே, இது எல்லா எடத்துலயுந்தான் கூவுது. பின்ன எதுக்கு இது?” என்று தாயார் கேட்டார்கள். உதவித்தொகைப் பணத்தில் இதைவிட விலை உயர்ந்த கருவி வாங்கிவிடுவதென்று நான் எண்ணியிருந்தேன். நல்ல வேளையாக, அதற்கு முன் எங்கள் விரிவுரையாளரிடம் தாயாரின் அதே கேள்வியைக் கேட்டேன். அதன் பயனே இக்கட்டுரை.

கருவி எதைக் காண்கிறது?

கருவியின் அடியிலுள்ள வட்டில் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய, மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் செல்கிறது. அங்கே மின்கடத்தி ஏதேனும் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. சுழல் மின்னோட்டம் உண்டாக்கும் சிறு புலத்தை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக்குகிறது. ஆகவே, கருவிக்குப் பொன் என்றும் தகரம் என்றும் தெரியாது. கடத்துந்திறன் ஒன்றே தெரியும். சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளும் சிறு கம்மலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே.

1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேடத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவியைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. பெல்லுக்குப் படுக்கை எதுவோ, நமக்கு மணல் அது.

நம் மணலின் குணம்

மணவாளக்குறிச்சி மணலின் பெருமை உலகறிந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் கண்டார். இன்று இந்திய அரிய மணல் ஆலை இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் முதலியவற்றை இங்கே பிரித்தெடுக்கிறது. இல்மனைட்டில் டைட்டானியத்தோடு இரும்பும் உண்டு. இத்தகைய காந்தத் தன்மையுள்ள மணல் கருவியின் புலத்தைக் கலைக்கும். போதாக்குறைக்குக் கடல்நீரின் உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஒன்றின் ஒலியை அடக்கக் கருவியைத் திருத்தினால் மற்றொன்று ஒலிக்கும். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் எளிய கருவியால் இரண்டையும் ஒருசேர அடக்க முடிவதில்லை.

எதைத் தேர்வது?

முதலில் தேடும் பொருளைப் பார்க்க வேண்டும். சிறு பொற்கட்டிகளுக்கென்று விற்கும் கருவிகள் 45 முதல் 71 கிலோஹெர்ட்ஸ் வரையான உயர் அதிர்வெண்ணில் இயங்குவன. உலர்ந்த மலைச்சரிவில் அவை சிறந்தவை. உப்பு ஈரத்திலோ அவையே மிகுதியாகக் கூவும். ‘பொன்னுக்கென்றே செய்தது’ என்ற விளம்பரத்தை நம்பி நான் வாங்க எண்ணியிருந்தது அந்த வகைதான்!

அடுத்தது நிலம். ஈரக் கருமணலுக்குப் பல அதிர்வெண்களில் ஒருங்கே இயங்கும் கருவியோ, துடிப்புத் தூண்டல் கருவியோ ஏற்றது. துடிப்பு வகைக் கருவி ஒரு கணம் புலத்தைச் செலுத்தி நிறுத்திவிட்டு, பிறகு எழும் எதிரொலியை மட்டும் கேட்கும். மண்ணின் தொல்லை அதற்குக் குறைவு. ஆனால் ஆணியையும் பொன்னையும் பிரித்தறிவதில் அது தேர்ந்ததன்று. ஒலித்த இடமெல்லாம் தோண்ட வேண்டும்.

மூன்றாவது ஆழம். சுருளிலிருந்து தொலைவு இருமடங்கானால் சிறு பொருளின் சைகை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். ஒரு சாணுக்குக் கீழே இறங்கிய கம்மலைக் காண்பது அரிது. பெரிய சுருள் ஆழம் போகும். சிறு பொருளைச் சிறிய சுருளே நன்கு காணும்.

பொன் தூளாக இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளுக்கு 1880-ஐ ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் பொன் தேடி வந்து, சில ஆண்டுகளில் நொடித்துப் போயின. ஆற்று மணலைத் தட்டிலிட்டு நீரில் அலசும் முறையோ அதற்கும் முற்பட்டது. அதற்கு மின்சாரமே வேண்டாம். பொன்னின் அடர்த்தி 19.3, இல்மனைட்டுக்கு 4.7, வெண்மணலுக்கு 2.65. கனத்தது அடியில் தங்கும், அவ்வளவே.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து அகப்படும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தாயாரின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. கருவி பொய் சொல்லவில்லை. நிலத்தை அறியாமல் நாம் அதைக் கையில் எடுத்தோம். உதவித்தொகைப் பணம் அஞ்சலகத்தில் அப்படியே இருக்கிறது. நண்பர்கள் மூவரும் நானும் ஆய்வுக்கூடத்தில் துடிப்புத் தூண்டல் கருவி ஒன்றைக் கட்டிப் பார்க்க முயன்று வருகிறோம். தொலைந்த கம்மல் கிடைக்கும் என்ற எண்ணத்தில் அன்று. எத்தனையோ அலை அந்த மணலைப் புரட்டிவிட்டது. கருவியைச் சோதிக்க அதே அளவுப் பொருள் வேண்டுமென்று சொன்னபோது, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த மற்றக் கம்மலைத் தாயார் எடுத்துத் தந்தார்கள்.

“இதையுந் தொலச்சிராத மக்ளே” என்றார்கள்.