சொந்தக் கதை சாட்சியாகும்போது



எங்கள் சமூகப் பணியாளர்கள் நோயாளிகளின் குடும்பக் கதைகளைக் கேட்டு எழுதி வைப்பது எதற்காக என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் நடந்த ஒன்றையே பதிலாகத் தருகிறோம்.

பெஜவாடா வில்சன் 1966-ஆம் ஆண்டு கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கையால் மலம் அள்ளிப் பிழைத்தவர்கள். வெட்கத்தினால் அதைப் பிள்ளையிடம் மறைத்தார்கள். வளர்ந்தபின் உண்மையை அறிந்த அவரோ அதை மறைக்கவில்லை. அதிகாரிகளுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். பிற்பாடு பலரோடு சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற தூய்மைப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார்.

இந்தத் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 1993-லேயே வந்துவிட்டது. ஆனாலும் தங்கள் மாநிலத்தில் இப்படிப்பட்டவர்களே இல்லை என்று பல அரசுகள் சாதித்தன. இல்லை என்று எழுதப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு எங்கிருந்து வரும்? இயக்கத்தினர் ஊர் ஊராகச் சென்று, அந்த மக்கள் தங்கள் வாயாலேயே சொன்னதைத் திரட்டிக்கொண்டு 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2013-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. தகுந்த பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ ஆளை இறக்குவது அதன்படி குற்றம். சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஒரகடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். இங்கே தொழிற்சாலைகளைச் சுற்றி வெளியூர்ப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளும் வாடகை அறைகளும் பெருகியிருக்கின்றன. செப்டிக் டாங்க் நிறைந்தால் யாராவது ஒருவரை இறங்கச் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். அளவு மிகுந்தால் அது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று இறங்கினவர் எண்ணுவார். சில மூச்சுகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இப்படி நேர்ந்த மரணங்களைப் பற்றி மத்திய அரசு 2022-ல் நாடாளுமன்றத்தில் தந்த மாநிலவாரிக் கணக்கு ஒன்றில் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது.

இறங்கச் சொன்னது யார், கூலி பேசியது யார், கயிறாவது கொடுத்தார்களா? இவற்றைக் குடும்பத்தார் சொன்னால்தான் சட்டம் அசையும். சொல்லாவிட்டால் அது வெறும் விபத்து என்று எழுதப்பட்டுவிடும். துக்கத்தில் இருப்பவர்களைப் பேச வற்புறுத்துவதும் பாவமே. ஆகையால் எங்கள் பணியாளர்கள் முதலில் அருகே உட்காருகிறார்கள். பேச மனமிருந்தால் மட்டும் எழுதுகிறார்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுகிறார்கள். எங்கே கொடுக்கலாம், பெயர் வரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். இந்த மடலில் அவர்களுடைய பெயரோ படமோ நீங்கள் காணாததற்குக் காரணம் இதுதான். அந்தக் கதை அவர்களுக்குச் சொந்தமானது.

உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்தப் பொறுமையான வேலைக்கும் போகிறது. அதோடு இன்னொன்றையும் கேட்கிறோம். உங்கள் வீட்டிலும் ஆலய வளாகத்திலும் செப்டிக் டாங்க் நிறைந்தால் கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். ஒருவரையும் இறக்காதீர்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக.