புதன்கிழமைக் குதிரை

"போயிற்றே, அந்தப் பொற்காலம் போயிற்றே!" என்று புலம்பத் தொடங்கியிருக்கிறார்கள் கனவான்கள் சிலர். எந்தப் பொற்காலம் என்று கேட்கிறீர்களா? முத்தமிழ் முழங்கிய காலமா? முரசு கொட்டிய மூவேந்தர் காலமா? அல்ல தோழர்களே, அல்ல! வாரத்தின் நடுவிலே, வேலை நாளிலே, வெயில் சாயும் நேரத்திலே, வெள்ளைக் கம்பி வேலிக்குள்ளே குதிரைகள் ஓடிய காலமாம்! சீமாட்டிகள் தொப்பி அணிந்து வந்த காலமாம். கவர்னர் கையால் கோப்பை கொடுத்த காலமாம். அந்தக் காலம் இனி வருமா என்று ஏங்குகிறார்கள்.

ஏக்கத்துக்குக் காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு, ஒரே ஆண்டிலே, மூன்று இடங்களில் குதிரைக் குளம்போசை அடங்கிற்று. ஜூன் மாதம் உதகையின் பந்தயத் திடலை, 52 ஏக்கர் நிலத்தை, அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் குத்தகை ரத்தாயிற்று. வாயிலிலே பூட்டு விழுந்தது. வழக்கு நீதிமன்றப் படியேறிற்று. அக்டோபர் 5ஆம் நாள் சிங்கப்பூரிலே, 1842இல் தொடங்கிய பந்தயக் கழகம், கடைசிப் பந்தயத்தை ஓட்டிவிட்டு விளக்கை அணைத்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஒப்பாரி.

மரக்காணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே குதிரை ஓடியதில்லை. ஓடுவதற்கு இடமுமில்லை, பார்க்கும் இடமெல்லாம் பாத்தி, பாத்தி நிறைய உப்பு, உப்பின்மேல் வெயில். விடியுமுன் இறங்குகிறான் தொழிலாளி. பலகை பிடித்து வாருகிறான். அவன் மனைவி கூடையிலே சுமக்கிறாள். வரப்போரம் குவியல் குவியலாய்க் கொட்டுகிறாள். வெள்ளை உப்பிலே வெயில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசுகிறது. காலிலே ஒரு கீறல் இருந்தால் போதும், நாளெல்லாம் எரிகிறது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தி ஏரியாகும், அடுப்பு ஆறிப்போகும். இந்த ஊரிலே புதன்கிழமை என்றால் என்ன? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலே ஒரு நாள் கூலி. வேலைக்குப் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. அவ்வளவே!

இந்தப் பாத்தியோரத்திலே நின்று பார்த்தால்தான் 'வார நடுத் திருவிழா' என்ற சொல்லின் சூட்சுமம் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்ப்பது உழைப்பவனுக்கும் இயலும். புதன்கிழமை வேடிக்கை பார்க்க யாரால் முடியும்? எந்த நாளும் ஓய்வு நாளாக உள்ளவனால் முடியும். அல்லது ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு, மற்றொரு நாள் கூலியைப் பையிலே போட்டுக்கொண்டு வருபவனால் முடியும். முன்னவனுக்கு அது பொழுதுபோக்கு. பின்னவன் பந்தயம் தொடங்குமுன்பே ஒரு நாள் சம்பளம் தோற்றுவிட்டான்!

இந்தப் பழக்கத்தின் தாய்வீடு இங்கிலாந்து. எப்சம் என்ற ஊரிலே 'டெர்பி' என்று ஒரு பந்தயம், 1780இல் தொடங்கியது. நெடுங்காலம் அது நடந்தது புதன்கிழமையில்தான். அந்த நாளுக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே கதவைச் சாத்தியதுண்டு! உலகத்தின் கால்பகுதியைக் கட்டியாண்ட சபை, குதிரைக்காக ஒத்திவைக்கப்பட்டது. 1913 ஜூன் 4, அதுவும் ஒரு புதன்கிழமை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் என்ற வீராங்கனை ஓடுதளத்திலே இறங்கினார்; மன்னரின் குதிரை மோதிச் சாய்ந்தார்; நான்காம் நாள் உயிர் நீத்தார். அந்நாளில் அங்கே பலருடைய கவலை குதிரைக்கு அடிபட்டதா, சவாரிக்காரன் பிழைத்தானா என்பதாகத்தான் இருந்தது. (எட்டே ஆண்டில், 1921இல், நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.) அந்த டெர்பியையே 1995இல் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஏன்? வேலை நாளில் கூட்டம் வரவில்லை! தாய்வீட்டிலேயே புதன்கிழமையைக் கைவிட்டார்கள். இங்கே நம் சீமான்கள் அதற்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிண்டிக் கதைக்கு வருவோம். 1777இலேயே அங்கே குதிரை ஓடியது என்கிறது வரலாறு. சென்னை ரேஸ் கிளப் அமைந்தது 1896இல். போகட்டும், வெள்ளைக்காரன் விளையாடினான். சுமார் 160 ஏக்கர் அரசு நிலம், 1940களின் நடுவிலே, 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது. குத்தகைத் தொகை எவ்வளவு தெரியுமா தோழர்களே? ஆண்டுக்கு 614 ரூபாயும் சில்லறையும்! மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் நாலு ரூபாய்கூட வரவில்லை. நம் ஊரில் தேநீர்க் கடைக்காரன் கூரையிடும் பத்தடி இடத்துக்கு மாதந்தோறும் கொடுப்பது அதைவிட எத்தனை மடங்கு? வாடகையை உயர்த்துகிறோம் என்று அரசு சொன்னது, கிளப் மறுத்தது. நிலுவை வளர்ந்தது, வளர்ந்தது, 730 கோடி ரூபாய்க்கு மேல் வளர்ந்தது. 2023இல் உயர்நீதிமன்றமே அதைக் கட்டச் சொல்லித் தீர்ப்புரைத்தது. கொள் என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். குதிரையைச் சொல்லும் பழமொழி என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம்!

"இருக்கட்டும் அண்ணே, பந்தயத்திலே ஏழையும் ஜெயித்திருக்கிறானே?" என்று கேட்கும் தோழர் உண்டு. ஜெயித்திருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஏழைகளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டிய பணமெல்லாம் ஒரு பெட்டியிலே விழுகிறது. அதிலிருந்து முதலில் வரி போகிறது. நடத்துகிறவர் பங்கு போகிறது. மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் வைத்தார்கள், மொத்தம் ஆயிரம். கணக்குக்காக நூற்றுக்கு இருபது பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பந்தயம் முடிந்ததும் அந்த நூறு பேர் கையிலே இருப்பது 800. அதையே திரும்ப வைக்கிறார்கள், 640. மூன்றாவதில் 512. நாலாவதில் 410க்குச் சற்றுக் குறைவு. எட்டுப் பந்தயம் முடிந்து பொழுது சாயும்போது, ஆயிரம் ரூபாயில் அந்த நூறு பேரிடமும் சேர்ந்து மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 168! எந்தக் குதிரை ஜெயித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சிவப்புக் குதிரையா, கறுப்புக் குதிரையா, எதன் மூக்கு முந்தியது என்பதெல்லாம் அந்த 168ஐ யார் எடுத்துப் போவது என்பதற்குத்தான்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று நம் பாட்டி சொன்னாள். உயிர்க்குதிரையை நம்பி இறங்கினாலும் ஆறு அதே ஆறுதான் என்று அவள் அறிந்திருக்கவில்லை. பாவம், அவள் கிண்டியைப் பார்த்ததில்லை.

சட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 1949ஆம் ஆண்டே, காங்கிரஸ் ஆட்சியிலே, குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டத்தில் சேர்த்துச் சட்டத்திருத்தம் நிறைவேற்றினார்கள். நிறைவேற்றினார்களே தவிர, அமலுக்குக் கொண்டுவரவில்லை! கால் நூற்றாண்டு அந்தச் சட்டம் ஏட்டிலே உறங்கிற்று; குதிரை திடலிலே ஓடிற்று. 1974இல் கலைஞர் அரசுதான் பந்தயத்தை ஒழிக்கத் தனிச் சட்டம் இயற்றியது. உறங்கிய பழைய திருத்தத்தையும் 1975இல் தட்டி எழுப்பியது. வழக்குத் தொடுத்தார்கள்; தடை வாங்கினார்கள்; ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் சேர்ந்து உச்சநீதிமன்றம் போயின. 1996 ஜனவரியில் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை விளையாட்டு, குதிரையின் பிறப்பு, பயிற்சி, சவாரிக்காரனின் ஆற்றல் இவை கொண்டே வெற்றி அமைகிறது என்றார்கள். கையகப்படுத்தும் சட்டமும் செல்லாது என்றார்கள்.

தீர்ப்பு தீர்ப்புதான். குதிரைக்குத் திறமை உண்டு, ஒப்புக்கொள்கிறோம். சவாரிக்காரனுக்கு உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறோம். கம்பிக்கு வெளியே நின்று, எழுத்துக்கூட்டிப் பந்தயப் புத்தகம் படித்து, பெண்டாட்டி மூக்குத்தியை வைத்துக் கொண்டுவந்த பணத்தைக் கட்டுகிறானே, அவனுடைய திறமை என்ன? அந்தக் கேள்வி மட்டும் இன்றுவரை விடை காணாமல் நிற்கிறது.

எதிர்த்தரப்பார் உடனே விரலை நீட்டுவார்கள்: "1968இல் அரசுப் பரிசுச்சீட்டு விற்றது யார்? உங்கள் அண்ணா ஆட்சிதானே?" ஆம், விற்றது. மறைப்பானேன்? விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று சொல்லியே விற்றது. அதே கழக ஆட்சி 1975இல் அதை நிறுத்தியது. பின்னர் வந்தவர்கள் திரும்பத் திறந்தார்கள். தனியார் சீட்டுகள் தெருவெல்லாம் திரிந்தன. சுரண்டிப் பார்க்கும் சீட்டு எத்தனையோ குடும்பத்தைச் சுரண்டிற்று. 2003இல்தான் முடிவு கட்டப்பட்டது. சூதாட்ட விஷயத்தில் எந்த அரசும் நெடுநாள் ஒரே குதிரையில் சவாரி செய்ததில்லை என்பது உண்மை.

பந்தயம் பார்க்கப் போன தொழிலாளியை நான் பழிக்கமாட்டேன். இந்தக் கரையிலிருந்து உப்பு ஏற்றிய தோணிகள் பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்குப் போன காலம் ஒன்று உண்டு. 1960களின் புயல்கள் கால்வாயைச் சிதைக்கும்வரை அந்தப் போக்குவரத்து இருந்தது. நாள்கணக்கில் துடுப்பு ஊன்றியும் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தும் பட்டணம் சேர்ந்த மனிதனுக்கு, உடல் நோவை மறக்க என்ன இருந்தது? நூலகமா, பூங்காவா? குதிரைகள் கூட்டமாய்த் திரும்பும்போது தரை அதிர்வது நெஞ்சுக்குள் கேட்கும். அந்த இரண்டு நிமிடம் மேஸ்திரியும் இல்லை, கடன்காரனும் இல்லை. அந்த மகிழ்ச்சி பொய்யல்ல. அதற்கு அவனிடம் வாங்கிய விலைதான் அநியாயம்.

குதிரைமீது நமக்குப் பகையா? செஞ்சிக்கோட்டை இங்கிருந்து எட்டிய தூரம்தான். தேசிங்குராஜன் கதையைக் கூத்திலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாதுஷாவின் முரட்டுக் குதிரை பாராசாரியை அடக்கியவன் என்று பாடும்போது, திண்ணையிலே தூங்கிய கிழவனும் எழுந்து உட்காருவான். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படைக்கு எதிரே, தோற்பது உறுதி என்று தெரிந்தும் குதிரையேறினான் அந்த இளைஞன். அவனும் பந்தயம் கட்டினான். ஆனால் தன் தலையைக் கட்டினான், ஊரான் கூலியை அல்ல.

இன்னொரு கூட்டத்தை இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர்கள்தாம் கொட்டடித் தொழிலாளர்கள். விடியலில் எழுந்து குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு வைத்து, சாணம் அள்ளி, லாயத்துப் பக்கத்திலேயே படுத்த மனிதர்கள். கோப்பை வாங்கியவர் படம் பத்திரிகையில் வந்தது. இவர்கள் பெயர் கூலிப் பட்டியலோடு சரி. கிண்டி பூட்டப்பட்டதும் சீமான்களுக்கு பெங்களூரு இருக்கிறது, ஐதராபாத் இருக்கிறது. குதிரையை வண்டியிலேற்றி அனுப்பிவிடலாம். பள்ளிக்கூடத்திலே பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் குடியிருந்தவன் எங்கே போவான்? நிலத்தை எடுப்பது நியாயம் என்றால், அந்த நிலத்திலே உழைத்தவனுக்கு வேலை கொடுப்பதும் அதே நியாயத்தின் மறுபாதி. அங்கே பூங்கா அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் குளத்தைக் காக்கவும் ஆள் வேண்டாமா? முதல் அழைப்பு இவர்களுக்குப் போகட்டும். நம் ஆட்சி செய்த காரியம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடமுடியாது. பூங்காவுக்கு நுழைவுக்கட்டணம் என்று ஒரு பலகை தொங்கினால், அதையும் எதிர்த்து எழுதுவோம்.

சிங்கப்பூரைப் பாருங்கள். சுமார் 120 ஹெக்டேர் திடலைத் திரும்ப எடுத்துக்கொள்வது குடியிருப்பு கட்டுவதற்காக என்று வெளிப்படையாகச் சொன்னது அந்த அரசு. பண்பாடு பாழாயிற்று என்று அங்கே போய் யாராவது அழுதார்களா? நம் ஊரிலே ஏழைக்கு ஒரு குளம் வெட்டினால்தான் பாரம்பரியத்துக்குக் காய்ச்சல் வருகிறது!

ஆனால் தோழர்களே, பூட்டு விழுந்தது திடலுக்குத்தான். ஆட்டம் கைபேசிக்குள் குடியேறிவிட்டது. இப்போது புதன்கிழமை மட்டுமல்ல, ஏழு நாளும் பந்தயம். இருபத்துநாலு மணி நேரமும் பந்தயம். உப்பளத்து வரப்பிலே உட்கார்ந்து, பழைய சோற்றை ஒரு கையால் பிசைந்துகொண்டே மறு கையால் ரம்மி ஆடும் இளைஞனை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாரக் கூலி கைக்கு வருமுன்பே கரைந்திருந்தது. தமிழ்நாடு 2022இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் மாளிகையிலே காத்துக்கிடந்து 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. என்ன சொல்லி? ரம்மி சூதல்ல, திறமை விளையாட்டு என்று சொல்லி! அதே பழைய குதிரை வாதம், கிண்டியிலிருந்து கைபேசிக்குத் தாவிவிட்டது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றமும் ரம்மியைத் திறமை விளையாட்டு என்றே ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அதையும் எதிர்த்து வழக்கு. நம் கிளைக் கழகத் தோழர்கள் சுவரொட்டி ஒட்டுவதோடு நிற்காமல், பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியிலே என்ன ஓடுகிறது என்று ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

வார நடுவிலே குதிரைத் திருவிழா பார்த்தே தீரவேண்டும் என்று யாருக்காவது ஆசையிருந்தால், அதற்கும் தமிழ்நாட்டிலே இடமிருக்கிறது. ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரிலே, குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா புதன்கிழமை தொடங்கும். சாமியைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை; நான் சொல்வது சந்தையை. குதிரையும் மாடும் நாலு நாள் கூடும். பல மாநிலத்து வியாபாரிகள் வருவார்கள். தாளத்துக்குக் குதிரை ஆடுவதைக் குழந்தைகள் அப்பன் தோளிலே ஏறிப் பார்க்கும். சீமான் மேடை என்றும் சாமானியன் மேடை என்றும் அங்கே வேலி கிடையாது. ஈரோட்டில் ரயிலிறங்கினால் பேருந்து இருக்கிறது.