இரண்டு நாட்கள், ஒரே மேசை

உங்களைச் சற்று நேரம் நியூயார்க் மாநகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். வானுயர்ந்த கட்டடங்களைக் காட்டுவதற்காக அன்று. ஒரு சாதாரணக் குடும்பத்தின் சனி, ஞாயிறு இரு நாட்களைக் காட்டுவதற்காக.

நகரின் குவீன்ஸ் பகுதியில், 7-ஆம் எண் இரயில் தன் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் இடம் ஃபிளஷிங். 1970-களில் தைவானிலிருந்து வந்தோர் இங்கே குடியேறத் தொடங்கினர். பின்னர் சீனப் பெருநிலத்தின் பல மாநிலத்தாரும் வந்து சேர்ந்தனர். இன்று கடைப் பலகைகளில் சீன எழுத்துகளே கண்ணில் படுகின்றன.

நாம் காணப்போகும் வீட்டில் ஐந்து பேர். தந்தை பண்டகசாலைத் தொழிலாளி. தாய், முதியோரை அவரவர் இல்லத்தில் கவனித்துக்கொள்ளும் பணியாளர். பத்து வயது மகள், ஆறு வயது மகன், பாட்டி ஆகியோர் மற்ற மூவர். இவர்களுக்கு நாம் பெயர் சூட்டவில்லை. இவர்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களின் வாழ்வைச் சேர்த்து வரைந்த சித்திரமே இது.

சனிக்கிழமை

காலையில் பிள்ளைகள் இருவரும் சீன மொழி வகுப்புக்குப் போகிறார்கள். மற்றப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் ஒரே எழுத்தைப் பலமுறை எழுதிப் பழகுவது அவர்களுக்குக் கசப்புத்தான். ஆயினும் பெற்றோர் விட்டுக்கொடுப்பதில்லை. பேரப்பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிட்டால் பாட்டி யாரோடு பேசுவார்?

அதே நேரத்தில் பாட்டி சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புகிறார். கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீனை விரலால் சுட்டிக் காட்டித் தேர்ந்தெடுக்கிறார். கீரைக் கட்டைப் புரட்டிப் பார்த்து விலை பேசுகிறார். தந்தை அரிசி மூட்டையைத் தோளில் சுமக்கிறார். தாய் ஊரிலுள்ள பெரியவர்களுக்குப் பணம் அனுப்பிவிட்டு வருகிறார்.

பிற்பகலில் அந்த வாரம் வந்த கடிதங்களைப் பிரிக்கிறார்கள். வங்கிக் கடிதம், மின்கட்டணச் சீட்டு, பள்ளியின் அறிவிப்பு யாவும் ஆங்கிலத்தில். பத்து வயது மகள்தான் படித்துப் பொருள் சொல்கிறாள். குடும்பத் தலைவர் தந்தையே என்றாலும், அந்தச் சில நிமிடங்கள் அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். புலம்பெயர்ந்தோர் வீடுகளில் பிள்ளைகள் இளம்பருவத்திலேயே சுமக்கும் பாரம் இது.

மாலையில் அந்த நிலை மாறுகிறது. மாவு பிசைந்து, சிறு வட்டங்களாகத் தேய்த்து, பூரணம் வைத்து மடிக்கும் ‘ஜியாவ்ட்ஸ்’ செய்ய அனைவரும் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். நம் கொழுக்கட்டைக்கு அக்காள் தங்கை முறை என்று சொல்லத்தக்க பண்டம். இங்கே பாட்டிதான் ஆசிரியர்; ஆங்கிலம் அறிந்த பேத்தி மாணவி. பெரும்பாலான சீன வீடுகளில் பூரணம் பன்றி இறைச்சியாகவே இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் சீன நாட்டின் உய்குர் முஸ்லிம்கள் நடத்தும் ஹலால் உணவகங்களும் இதே ஃபிளஷிங்கில் உண்டு. சீரகம் தூவிச் சுட்ட ஆட்டிறைச்சியும் கையால் இழுத்த நூடுல்ஸும் அங்கே கிடைக்கும்.

சட்டம் பிரித்த குடும்பங்கள்

ஒரு மேசையைச் சுற்றி மூன்று தலைமுறையினர் அமர்வதில் என்ன வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1875-இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டம், ஒழுக்கக்கேட்டைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு சீனப் பெண்களின் வருகையை நடைமுறையில் அடைத்துவிட்டது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நாட்டிற்குள் வருவதையே தடை செய்தது. விளைவு என்ன? 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கிருந்த சீனர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 27 ஆண்கள்!

அந்த ஆண்களில் பலர் சலவைத் தொழிலாளர்கள். வாரமெல்லாம் துணி வெளுத்து, இஸ்திரி போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீனர் தெருவுக்கு வருவார்கள். ஊர்ப் பக்குவத்தில் சமைத்த உணவை உண்பார்கள். தெரிந்த கடைக்காரரிடம் தமக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புவார்கள். அன்றும் வாரயிறுதி இருந்தது, வேலைகள் இருந்தன, விருந்தும் இருந்தது. ஆனால் அந்த மேசையில் மனைவி இல்லை, மக்கள் இல்லை. அவர்கள் கடலுக்கு அப்பால் குவாங்டாங் கிராமங்களில் காத்திருந்தார்கள்.

1943-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஆனால் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம் என்று வரையறுத்தார்கள். 1965-ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பத்தினர் ஒன்றுசேர்வதற்கு முன்னுரிமை அளித்த பிறகே இத்தகைய குடும்பங்கள் பெருகின.

இன்றும் தீராத பிரிவு

பிரிவு இன்றும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஃபூஜியான் மாநிலத்திலிருந்து வந்து உணவகங்களில் நாளெல்லாம் உழைக்கும் பெற்றோர் பலருக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூலிக்கு ஆள் வைக்கப் பணமும் இல்லை. ஆகவே அமெரிக்காவில் பிறந்த குழந்தையைச் சில மாதங்களிலேயே சீனாவிலுள்ள பாட்டியிடம் அனுப்பிவிடுகிறார்கள். பள்ளி வயதில் குழந்தை திரும்புகிறது. பெற்றெடுத்தவளே அதற்கு அந்நியப் பெண்ணாகத் தெரிகிறாள்.

நம் குடும்பத்தின் ஆறு வயது மகனும் அப்படித் திரும்பியவனே. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சென்ற ஆண்டு வந்தான். இன்னும் பாட்டியின் பக்கத்திலேயே உறங்குகிறான்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் ஐவரும் ‘யம் ச்சா’வுக்குச் செல்கிறார்கள். ‘தேநீர் அருந்துதல்’ என்பது அதன் பொருள். தேநீரோடு, ஆவியில் வெந்த சிறு சிறு பண்டங்கள் மூங்கில் தட்டுகளில் மேசைக்கு வருகின்றன. தேநீரை முதலில் பாட்டிக்கு ஊற்றுகிறார்கள். ஊற்றியவருக்கு நன்றியாக விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவது அவர்களது வழக்கம்.

தாய் ஓர் இறால் பண்டத்தை எடுத்து மகனுடைய கிண்ணத்தில் வைக்கிறார். ‘உன்மீது அன்பு கொண்டிருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவ்வீடுகளில் குறைவு. உணவை எடுத்து வைப்பதே அந்தச் சொல். முதல் மாதங்களில் சிறுவன் பாட்டியின் முகத்தைப் பார்த்த பிறகே உண்பான். இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. ஓராண்டின் ஞாயிற்றுக்கிழமைகள் ஈட்டித் தந்த செல்வம் அவ்வளவே. ஆனால் அந்தத் தாயிடம் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிதென்று!

வாசகர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமானதா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் ‘சபர்’ சென்ற கணவருக்காகக் காத்திருந்த பெண்மணிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! விடுமுறையில் வந்த வாப்பாவைக் கண்டு உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

சீனர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று கேட்பது நெடுநாள் வழக்கம். நாமும் அப்படியே கேட்கிறோம். கேள்வியைச் சற்று மாற்றி, இந்த வாரம் நம் வீட்டிலேயே கேட்டுக்கொள்வோமா? ‘எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து சாப்பிட்டாயிற்றா?’