29 நிமிடம் 59 விநாடி

விடிய விடிய – 11

போன வாரம், கூத்து நடக்கும் களரிக்கு எதிரே கேமராவை எங்கே, எந்த உயரத்தில் நிறுத்துவது என்று பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். மேலே போகலாம்.

இந்த வாரம் ஒலி என்று சொல்லியிருந்தேன். முகவீணையையும் தாளத்தையும் ஒரே மைக்கில் பிடிப்பது பற்றிக் குறிப்புகள்கூட எடுத்து வைத்தாயிற்று. அதற்குள் செய்யாறு பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது. அவர்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் துகில் கூத்தைப் படமெடுக்க, நல்ல விலை கொடுத்து வாங்கிய புகைப்படக் கேமராவை வைத்திருக்கிறார்கள். அரை மணிக்கு ஒருதரம் அது தானாகவே நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாராவது ஓடிப்போய் மறுபடி பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். துச்சாதனன் திரௌபதியைச் சபைக்கு இழுத்துவந்த நேரத்தில் மட்டும், எல்லார் கண்ணும் களரியில் இருந்ததால், நின்றதை ஒருவரும் பார்க்கவில்லை. "கார்டுல பாதிக்கு மேல எடம் இருந்துச்சு, பேட்டரியும் இருந்துச்சு. அப்புறம் ஏன் சார் நிக்குது?"

துகில் கூத்தில் அந்தக் கட்டம் எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார்கள். ஆடுகிறவருக்கு ஆவேசம் வந்துவிடும். கூட்டத்திலும் சிலருக்கு வரும். நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். 'கேமரா நின்றுவிட்டது, இன்னொரு முறை இழுத்து வாருங்கள்' என்று அங்கே போய் யாரும் கேட்க முடியாது.

அது நின்றதற்குக் காரணம் பழுது அல்ல, சூடும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வரிப் பட்டியலில் உள்ள ஒரு விளக்கக் குறிப்பு. இதைத் தேடிப் படித்ததிலிருந்து இந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பட்டியலில் புகைப்படக் கேமரா ஓர் இனம், வீடியோ கேமரா இன்னோர் இனம். முன்னதற்கு இறக்குமதி வரி கிடையாது. பின்னதற்கு ஏறக்குறைய 5 சதவீதத்தில் தொடங்கும் வரி இருந்தது. புகைப்படக் கேமராக்கள் வீடியோவும் எடுக்கத் தொடங்கியதும் சுங்க அதிகாரிகளுக்குச் சிக்கல் வந்தது: இதை எந்த இனத்தில் சேர்ப்பது? அதற்கு அவர்கள் ஒரு கோடு கிழித்தார்கள். 800க்கு 600 புள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட தரம், விநாடிக்கு 23 ஃபிரேம் அல்லது அதற்கு மேல், இடைவிடாமல் ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது 30 நிமிடம். இவை மூன்றும் ஒரு கருவியால் முடிந்தால் அது வீடியோ கேமரா. வரி கட்ட வேண்டியிருந்தது. தயாரிப்பாளர்களுக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. தரத்தைக் குறைக்க முடியாது, ஃபிரேமைக் குறைக்க முடியாது. நேரத்தைக் குறைக்கலாம். 29 நிமிடம் 59 விநாடியில் நிறுத்திவிட்டால் வரி இல்லை.

ஒரு விநாடி! ஐரோப்பிய வரிக்குப் பயந்து கிழித்த அந்த ஒரு விநாடிக் கோடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் நடுராத்திரியில் நடக்கும் ஒரு கூத்தின் உச்சக் கட்டத்தை விழுங்கியிருக்கிறது. எங்கோ எழுதப்பட்ட ஒரு வரி, எந்தத் தொடர்பும் இல்லாத கலையின் ஆவணத்தில் ஓட்டை போடும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. இது வன்பொருளின் இயலாமை அல்ல என்பதற்குச் சாட்சியும் உண்டு. பானசோனிக் 2014இல் கொண்டுவந்த ஜிஎச்4 கேமராவை அமெரிக்காவில் வாங்கினால் கார்டு நிறையும்வரை ஓடும். அதே கேமராவை ஐரோப்பாவில் வாங்கினால் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். உள்ளே இருக்கும் சில்லு ஒன்றுதான், சென்சார் ஒன்றுதான். மாறியது விற்ற இடம் மட்டும்.

2015 டிசம்பரில் நைரோபியில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் மின்னணுப் பொருள்கள் பலவற்றுக்கு வரியை நீக்க உடன்பாடு ஏற்பட்டது. அதன் பிறகு இந்தக் கட்டு மெல்லத் தளர்ந்தது. 2019இல் வந்த சோனி ஏ6400 போன்றவை வரம்பில்லாமல் ஓடுகின்றன. ஆனால் நம் ஊர்களில் கைமாறிக் கைமாறிப் புழங்குகிற கேமராக்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அந்தக் கோடு அவற்றுக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய கார்டுகளிலும் பென் டிரைவ்களிலும் இருக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கோப்பின் அளவை எழுதிவைக்க 32 பிட் இடம்தான் உண்டு. 429 கோடி பைட்டைச் சற்றே தாண்டினால் எழுத இடமில்லை. விநாடிக்கு 2 கோடி பிட் வேகத்தில் பதிவு செய்தால் 4 ஜிபி எத்தனை நேரத்தில் நிறையும் என்று கணக்குப் போட்டேன்: 28 நிமிடம் 38 விநாடி. அரை மணிக்கு இவ்வளவு பக்கத்தில்! குழப்பம் வந்ததில் வியப்பே இல்லை. கேனான் 2008இல் விட்ட 5டி மார்க் 2இல் இரண்டு தடைகளும் உண்டு. உயர்தர வீடியோவில் 4 ஜிபி சுவர்தான் முதலில் வரும், சுமார் 12 நிமிடத்தில். அடையாளம் காண்பது சுலபம். கோப்பின் நீளம் சரியாக 29:59 என்றால் சுங்கம். முன்பின் இருந்தால் கோப்பின் அளவைப் பாருங்கள், 4 ஜிபியை ஒட்டி இருக்கும்.

கேம்கார்டர் இந்த இரண்டிலும் மாட்டாது. அது பட்டியலில் வீடியோ கேமராவாகவே போவதால் அரை மணியில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. 4 ஜிபி வந்தால் அடுத்த கோப்பைத் திறந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான், பரண்மேல் போட்டுவிட்ட பழைய கேம்கார்டரை இறக்குங்கள் என்று முதல் வாரத்திலிருந்து சொல்லிவருகிறேன். பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை ஆறு மணிக்கு முடிகிற ஒன்றுக்கு அதுதான் ஏற்ற கருவி. அதிலும், பதிவு செய்யும் வேலையைக் கேம்கார்டரிடமிருந்து எடுத்துக் கணினியிடம் கொடுத்துவிட வேண்டும். பார்ப்பது ஒருவர் வேலை, எழுதுவது இன்னொருவர் வேலை.

இந்தப் பிரிவினையைச் சினிமாவில் துணிந்து செய்து காட்டியவர் அலெக்சாண்டர் சொக்குரோவ். 'ரஷ்யன் ஆர்க்' பார்த்திருப்பீர்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள் சுமார் ஒன்றரை மணி நேரம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். 2001 டிசம்பர் 23 அன்று எடுத்தார்கள். கையில் இருந்தது சோனியின் உயர்தர வீடியோ கேமரா. அதில் போடும் கேசட் ஒரு மணி நேரம்கூட ஓடாது. எனவே கேசட்டையே நம்பவில்லை. கேமராவிலிருந்து கேபிள் இழுத்து, தனியாகச் செய்த ஹார்டு டிஸ்க் கருவி ஒன்றில் சுருக்காத படமாகவே எழுதினார்கள். ஒளிப்பதிவாளர் டில்மன் பூட்னர் ஸ்டெடிகேமை உடம்பில் கட்டிக்கொண்டு நடக்க, டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். குளிர்கால ரஷ்யாவில் பகல் வெளிச்சம் சில மணி நேரம்தான். முதல் முயற்சிகள் தொடக்கத்திலேயே தவறிப்போய், நான்காவதுதான் கடைசிவரை ஓடியது. அந்த டிஸ்க்கில் 100 நிமிடத்துக்குத்தான் இடம். அன்று அவ்வளவு பேர் சேர்ந்து செய்ததை, இன்று ஒரு மடிக்கணினியும் ஒரு கேப்சர் கார்டும் எட்டு மணி நேரத்துக்குச் செய்கின்றன.

முறை இதுதான். கேம்கார்டரின் எச்டிஎம்ஐ வாயிலிருந்து கேப்சர் கார்டுக்கு, அங்கிருந்து யூஎஸ்பி வழியாக மடிக்கணினிக்கு. கேப்சர் கார்டு வாங்கும்போது யூஎஸ்பி 3.0 என்று கேட்டு வாங்குங்கள். முழு எச்டி படம் விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் சுருக்காமல் வந்தால் விநாடிக்கு சுமார் 83 கோடி பிட். யூஎஸ்பி 2.0 தாங்குவது 48 கோடி. அதனால் மலிவான கார்டுகள் ஒவ்வொரு ஃபிரேமையும் நசுக்கித்தான் அனுப்பும். பெட்ரோமாக்ஸோ ஃபோகஸ் விளக்கோ, வெளிச்சமும் இருட்டும் அருகருகே இருக்கிற களரியில் அந்த நசுக்கல் நிழல்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். வேஷக்காரரின் முகத்தில் அரிதாரக் கோடுகள் குழம்பிப்போகும். எட்டு மணி நேரத்தைச் சுருக்காமலே வைத்துக்கொள்ள 3 டிபி வேண்டும். ஓபிஎஸ் மென்பொருளில் விநாடிக்கு 2 கோடி பிட் என்று வைத்துப் பதிவு செய்தால் 72 ஜிபி போதும். டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கட்டும்.

ஓபிஎஸ்ஸில் கோப்பு வகையை எம்கேவி என்று வையுங்கள். சாதாரண எம்பி4 எழுதுகிற விதம், கடைக்காரர் பகல் முழுக்க விற்றுவிட்டுக் கணக்கை ராத்திரி கடை அடைக்கும்போது மொத்தமாக எழுதிக்கொள்வது போன்றது. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கணினி அணைந்தால் படம் முழுதும் டிஸ்க்கில் கிடந்தாலும் திறக்காது. எம்கேவி அவ்வப்போது எழுதி முடித்துக்கொண்டே போவதால், அணைந்த நொடிவரை உள்ளது ஓடும். ஒரு கர்ண மோட்சத்தில், பொன்னுருவி கர்ணனைப் போருக்குப் போகவிடாமல் தடுத்து வாதாடிக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டரும் நின்றது, பேட்டரி தளர்ந்திருந்த மடிக்கணினியும் அணைந்தது. அதுவரை பதிந்திருந்த நாலு மணி நேரமும் காலையில் திறந்து ஓடியது. எம்பி4இல் இருந்திருந்தால் அந்த ராத்திரியே இல்லை. வேண்டுமென்றால் பிறகு எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். ஓபிஎஸ்ஸிலேயே வழி உண்டு, தரமும் குறையாது.

சின்னச் சின்ன அமைப்புகளைச் சாயங்காலமே முடித்துவிடுங்கள். கேம்கார்டர் மெனுவில் மின்சேமிப்பை நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் பொத்தானைத் தொடவில்லை என்று சில நிமிடத்தில் அது தூங்கப் போய்விடும். பேட்டரி நேரமும் ஃபோகஸ் கட்டமும் படத்தின்மேல் விழாதபடி எச்டிஎம்ஐயில் திரை எழுத்தை அணைக்க வேண்டும். அடாப்டர் செருகியிருந்தாலும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். கணினியின் உறக்கம், தானாக அப்டேட் ஆவது இரண்டையும் நிறுத்துங்கள். கேம்கார்டரின் கார்டிலும் கூடவே பதிவு ஓடட்டும். கேபிளை யாராவது காலால் இழுத்துவிட்டால் அது கைகொடுக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, முக்கியமான கட்டங்களை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போதாது. பழைய பதிவுகளில் எனக்குக் கிடைப்பதெல்லாம் சண்டையும் சபதமும்தான். இருவர் திரைத்துணியைப் பிடித்து நிற்க, வேஷம் அதன் பின்னாலிருந்தே பாடுகிறதே, அது இல்லை. பின்பாட்டுக்காரர் ஓர் அடியை எத்தனை தரம் திருப்பி வாங்கினார் என்பது இல்லை. மூன்று மணிக்குக் கூட்டம் கண் அசருவதைப் பார்த்துக் கட்டியக்காரன் உள்ளூர்ப் பஞ்சாயத்து விவகாரத்தை இழுத்து, ஜனங்களைச் சிரிக்கவைத்து எழுப்புகிறான். அந்த வசனம் எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த ஊரில் அதையே பேசவும் மாட்டான். நாளைக்குக் கூத்துக் கற்க வருகிற பிள்ளைக்கு, ஒரு ராத்திரியை எப்படி நீட்டுவது, எங்கே சுருக்குவது என்று சொல்லித்தரப்போவது இந்த இடங்கள்தான். வெட்டி எடுத்த படத்தில் காலம் இருக்காது.

ஒலிக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் கட்டாயம். தனி ரெக்கார்டரில் ஒலி எடுத்தால் விடிவதற்குள் வாயசைவும் பாட்டும் விலகிப்போவது ஏன் என்பதில் தொடங்குகிறேன். அதற்கு முன்னால் இந்த வெள்ளிக்கிழமை கூத்து எடுக்கப் போகிறவர்கள் ஒன்று மட்டும் செய்துவையுங்கள்: தொடக்கத்தில் ஒருமுறை, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை, கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் எதிரே நின்று பலமாகக் கை தட்டுங்கள். இரண்டாவது தட்டலை மறந்துவிடாதீர்கள். அடுத்த வாரக் கணக்கு முழுக்க அதை வைத்துத்தான்.