பழைய கம்பெனி 'சம்பளம் அதிகமா போட்டுட்டோம், திருப்பிக் கொடு'னு கேட்டா?

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, வேலையை விட்டு ஆறு மாசம் ஆச்சு. இப்போ சம்பளம் அதிகமா போட்டுட்டோம், ஏழு நாள்ல கட்டு, இல்லன்னா லீகல் நோட்டீஸ்னு மெயில் வந்திருக்கு. கட்டித்தான் ஆகணுமா?"

கேட்டதும் எனக்கு 2023 ஆகஸ்ட் ஞாபகம் வந்துடுச்சு. அதே மாதிரி மெயில் எனக்கும் வந்துச்சு. நான் பிப்ரவரி 14ஆம் தேதியோட வேலையை விட்டேன். பிப்ரவரி முழுச் சம்பளமும் போட்டுட்டாங்களாம், 42,000 ரூபாய் திருப்பித் தரணுமாம். அந்த மாசம்தான் வீட்டு அட்வான்ஸ் கட்டி அக்கவுண்ட் காலி. "கொடுத்துத் தொலைச்சிடுப்பா, நமக்கு எதுக்கு வம்பு"ன்னாங்க அம்மா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "ரிப்ளையே பண்ணாத மச்சான்". ரெண்டுமே தப்பு.

முதல்ல கசப்பான விஷயம். தப்பா வந்த பணம் நம்ம பணம் இல்ல. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 72ஆம் பிரிவு, தவறுதலா பணம் வாங்கினவர் அதைத் திருப்பித் தரணும்னு சொல்லுது. "தப்பு பண்ணது பேரோல் டீம்தானே"ன்னா அது பதில் ஆகாது.

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்தும்: அதிகமா கொடுத்த சம்பளத்தைத் திருப்பி வாங்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சுன்னு. அது 2014ல வந்த ரஃபீக் மசீஹ் தீர்ப்பு. பஞ்சாப் அரசு ஊழியர்கள் வழக்கு. கடைநிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றவங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல அதிகமா வாங்கிட்டு இருந்தவங்க, இந்த மாதிரி சிலர்கிட்ட பிடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. ஐடி கம்பெனிக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. 'மூணு வருஷம் ஓட்டிட்டா கேஸ் போட முடியாது'ங்கறதையும் நம்பாதீங்க. தவறுதலா போன பணத்துல, அந்தத் தவறு தெரிய வந்த, இல்ல கவனமா பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கக்கூடிய நாள்ல இருந்துதான் அந்த மூணு வருஷம் ஓடும்.

சரி, அப்போ கேட்ட தொகையைக் கட்டிடணுமா? இல்ல. அவங்க சொல்ற தொகை சரின்னு காட்ட வேண்டியது அவங்க பொறுப்பு. நான் போட்ட மெயில் நாலே வரி: எந்த நாளுக்கான பணம், கணக்கு எப்படி, திருத்தின பே ஸ்லிப் எங்க, ஃபுல் அண்ட் ஃபைனல் ஷீட் எங்க. "தரேன்"னும் எழுதல, "தர மாட்டேன்"னும் எழுதல. போன்ல எச்.ஆர். கூப்பிட்டப்பவும் "மெயில்ல அனுப்புங்க மேடம்" அவ்வளவுதான். மெயில் நிஜமாவே கம்பெனி ஐடில இருந்து வந்துச்சான்னும் பாருங்க. யாரோ ஒருத்தரோட யூபிஐக்கு அனுப்பச் சொன்னா கொஞ்சம் நில்லுங்க.

ஷீட் வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் மாசச் சம்பளம் 84,000. 28 நாள்ல 14 நாள் அதிகம்னா 42,000, அது சரிதான். ஆனா அந்த 42,000 என் கைக்கு வரவே இல்லையே! அதுல 4,200 டிடிஎஸ்ஸா வருமான வரித் துறைக்குப் போயிடுச்சு. இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. அதே நிதியாண்டுக்குள்ள கேட்டிருந்தா அடுத்த மாச டிடிஎஸ்ல சரி பண்ணியிருக்கலாம். எனக்கோ மார்ச் 31 தாண்டி, ஃபார்ம் 16 வந்து, ரிட்டர்னும் ஃபைல் பண்ணியாச்சு. முழு கிராஸ் தொகையைக் கட்டினா, நான் சம்பாதிக்காத பணத்துக்கு என் பாக்கெட்டுல இருந்து வரி கட்டின மாதிரி. அதனால "டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தி அதை நீங்க பார்த்துக்கோங்க, நான் அது போக மீதிதான் தருவேன்"னு எழுதினேன். பிஎஃப்ல பிடிச்ச 2,520ஐ மட்டும் கழிக்கச் சொல்லல. அது என் பிஎஃப் அக்கவுண்ட்லதான் கிடக்கு, வரலன்னு சொன்னா பொய்.

இன்னொண்ணு அந்த ஷீட்லயே மாட்டுச்சு. எடுக்காத லீவு ஏழு நாளுக்குக் காசு போடவே இல்ல. பேசிக் 42,000, ஒரு நாளைக்கு 1,400, மொத்தம் 9,800. அவங்க பாலிசில இருக்குற விஷயம்தான். நான் கேட்காம விட்டிருந்தா அது அப்படியே போயிருக்கும்.

37,800ல 9,800 போனா 28,000. ஒன்பது மெயிலுக்கு அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. மாசம் 7,000, நாலு தவணை.

மிரட்டல் பத்தி ரெண்டு வார்த்தை. லீகல் நோட்டீஸ்ங்கறது வக்கீல் எழுதுற கடிதம், கோர்ட் உத்தரவு இல்ல. ஆனா குப்பைல போடாதீங்க, எழுத்துல பதில் கொடுங்க. பெரிய தொகைன்னா ஒரு வக்கீலைப் பாருங்க. பழைய கம்பெனி சொல்லுதுன்னு புது கம்பெனி உங்க சம்பளத்துல பிடிக்க முடியாது. ஜாயினிங் போனஸ், நோட்டீஸ் பீரியட் பணம் கேட்டா அது வேற கதை. அதுக்கு ஆஃபர் லெட்டர்ல நீங்க என்ன கையெழுத்துப் போட்டீங்கன்னு பார்க்கணும்.

தம்பி, உங்க மெயில்ல தொகை மட்டும்தான் இருக்கு, கணக்கு இல்ல. இன்னைக்கே அந்த நாலு வரியை அனுப்புங்க. ஒத்துக்கிட்ட தொகையைக் கட்டி முடிச்சா பாக்கி எதுவும் இல்லைன்னு லெட்டர் தருவோம்னு, முதல் தவணைக்கு முன்னாடியே மெயில்ல வாங்கிக்கோங்க. நான் அதைக் கடைசில கேட்டேன். வர மூணு மாசம் ஆச்சு.